ஜூனிலேயே கீறல் விட்ட தாழி

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கப் பேஸ்பாலில் வழக்கமான சீசனின் கடைசி நாள். மில்வாக்கியில் சின்சினாட்டி ரெட்ஸ் தோற்றுப்போனது. 4–2. நியூயார்க் மெட்ஸ் ரசிகர்கள் அத்தனை பேரும் சாமியிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். கேட்டது கிடைத்தது. அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்தைப் பிடிக்க நாங்கள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் மயாமியில் மார்லின்ஸை ஜெயிப்பது மட்டும்தான். ஜெயித்தாலும் தோற்றாலும் மார்லின்ஸுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அவர்கள் ஏற்கெனவே போட்டியை விட்டு வெளியே போனவர்கள். அவர்களிடம் 4–0 என்று தோற்றோம். ஒரு ரன்கூட எடுக்கவில்லை.

2025 சீசன் அதோடு முடிந்தது. ரெட்ஸும் 83 வெற்றி, 79 தோல்வி. நாங்களும் 83 வெற்றி, 79 தோல்வி. முன்பெல்லாம் இப்படிச் சமமாக முடிந்தால் 163-ஆவதாக ஓர் ஆட்டம் வைப்பார்கள். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு அணிகளும் சீசனில் நேருக்கு நேர் மோதியதில் யாருக்கு அதிக வெற்றி என்று பார்த்து அவர்களை உள்ளே விடுகிறார்கள். ரெட்ஸ் 4, மெட்ஸ் 2. அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது.

மூன்று நாளாக எல்லாரும் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ரன் எடுக்க எங்கள் ஆள் நிற்க, எங்கள் பேட்டர் பீட் அலோன்சோ அடித்த அடி நேராக இடது பக்க ஃபீல்டரின் கைக்குப் போனதைப் பற்றி. கடைசியில் எங்கள் இன்னொரு பேட்டர் லிண்டோர் அடித்த தரைப்பந்து, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்டாகும் டபுள் பிளே ஆகி ஆட்டம் முடிந்ததைப் பற்றி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது என்கிறார் ஒருவர். விதி என்கிறார் இன்னொருவர். எனக்கு வயிறு எரிகிறது. தாழி செப்டம்பர் 28-ஆம் தேதி உடையவில்லை. ஜூனிலேயே கீறல் விட்டது. மூன்றரை மாதம் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஜூன் 12-ஆம் தேதி என்ன நிலைமை? 45 வெற்றி, 24 தோல்வி. மொத்தம் 30 அணிகளில் அதைவிட நல்ல கணக்கு எவரிடமும் இல்லை. எங்கள் டிவிஷனான, அதாவது பிரிவான, நேஷனல் லீக் கிழக்கில் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் ஐந்தரை ஆட்டம் பின்னால் இருந்தது. சீசன் முடிந்தபோது அதே ஃபிலீஸ் 96 வெற்றியோடு 13 ஆட்டம் முன்னால். ஐந்தரை முன்னிலை, 13 பின்னடைவு. ஒரே அணி, ஒரே சீசன். ஜூன் 12-க்குப் பிறகு நாங்கள் ஜெயித்தது 38, தோற்றது 55. கடைசி நாளில் அடித்த ஒரு பந்து ஒன்றரை அடி தள்ளிப் போயிருந்தால் இந்தக் கணக்கு நல்ல கணக்காக மாறிவிடுமா?

அந்த ஜூன் 12-ஆம் தேதி நாங்கள் ஜெயித்தோம், வாஷிங்டன் நேஷனல்ஸை 4–3. ஆனால் அந்த ஆட்டத்தில்தான் எங்களுக்காகப் பந்தெறியும் பிட்சர் கோடாய் செங்கா முதல் பேஸை மறிக்க ஓடி, உயரமாக வந்த பந்தைப் பிடிக்க எகிறிக் குதித்துத் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதுவரை ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.47 ரன்தான் கொடுத்திருந்தார். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல பிட்சர். அவர் திரும்பி வந்தபோது பழைய செங்காவாக இல்லை. செப்டம்பரில் சிறிய லீக் அணியான சிராக்யூஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, காயம் யாருக்கும் வரும். அதற்காக யாரையும் திட்ட முடியாது. ஆனால் காயம் வரும் என்று தெரிந்துதானே அணி சேர்க்க வேண்டும்? 162 ஆட்டம் ஆடுகிற விளையாட்டு இது. ஆறு மாதம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். தொடக்கப் பிட்சர் ஐந்து பேர் வேண்டும், அந்த ஐந்து பேரும் ஆறு மாதம் முழுசாக நிற்பது அபூர்வம். பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் கொடுத்த அணி, பிட்சிங்கில் மட்டும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தது. அதுவரை புல்பென்னில், அதாவது ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்சர்களில் ஒருவராக, இருந்த கிளே ஹோம்ஸைத் தொடக்கப் பிட்சராக மாற்றினார்கள். ஃப்ராங்கி மோன்டாஸை எடுத்தார்கள், அவருக்கு முழங்கை போனது. ஷான் மனாயா ஜூலை வரை வரவே இல்லை. கிரிஃபின் கேனிங் ஜூன் கடைசியில் குதிகால் தசைநார் அறுந்து சீசனை விட்டே போனார். ஜூலைக் கடைசியில் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு வந்தது. புல்பென்னுக்கு மூன்று பேர், நடு ஃபீல்டுக்கு ஒருவர். தொடக்கப் பிட்சர்? ஒருவர்கூட இல்லை. வீட்டில் அரிசி இல்லை என்றால் ஊறுகாய் வாங்கி வருவார்களா? அன்றைக்கு நான் கத்தினேன். பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார், "இன்னும் நேரம் இருக்கு தம்பி."

இந்த வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இன்னும் நேரம் இருக்கு. ஜூன் 13-இலிருந்து 20 வரை வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றோம். இன்னும் நேரம் இருக்கு. ஆகஸ்டில் மறுபடியும் ஏழு. இன்னும் நேரம் இருக்கு. செப்டம்பரில் எட்டு. அப்போது சொன்னார்கள், டிவிஷன் போனால் போகட்டும், வைல்ட் கார்டு இருக்கு. மூன்று வைல்ட் கார்டு இடம் வந்ததிலிருந்து இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. டிவிஷனை ஜெயிக்காவிட்டாலும் பின்வாசல் திறந்திருக்கும் என்கிற நினைப்பு முதலில் வாசல் கதவைக் காவல் காக்க மறக்க வைக்கிறது. ஜூனில் தோற்ற ஆட்டத்துக்கும் செப்டம்பரில் தோற்ற ஆட்டத்துக்கும் ஒரே விலை. அட்டவணையில் இரண்டும் ஒரே எண்தான். இது கணக்குத் தெரிந்த குழந்தைக்கும் புரியும். ஆனால் ஜூனில் தோற்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறோம், செப்டம்பரில் தோற்றால் மார்பில் அடித்துக்கொள்கிறோம்.

அண்ணனைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் அப்படி நம்பக் காரணம் 2024. அந்த வருடம் ஜூன் தொடக்கத்தில் மெட்ஸ் 24 வெற்றி, 35 தோல்வி என்று கிடந்தது. எல்லாரும் கைகழுவிய பிறகு எழுந்து, 89 ஆட்டம் ஜெயித்து, ஃபிலீஸை வீட்டுக்கு அனுப்பி, லீக் இறுதிச் சுற்றில் டாட்ஜர்ஸோடு மோதும் வரைக்கும் போனது. அந்த அக்டோபரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் கீழே இருந்து ஏறுகிறவனுக்குச் சொல்ல வேண்டிய ஆறுதலை, மேலே இருந்து சரிகிறவனுக்குச் சொன்னால் அவன் சரிந்துகொண்டேதான் இருப்பான்.

சோட்டோவைத் திட்டுகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான். 43 ஹோம் ரன் (மைதானத்தைத் தாண்டும் அடி), 38 ஸ்டீல் (பிட்சர் அசரும்போது அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). அந்தச் சம்பளம் வாங்குகிறவர் இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்? லிண்டோர் 31 ஹோம் ரன், 31 ஸ்டீல். அலோன்சோ 38 ஹோம் ரன், 126 ரன் உள்ளே கொண்டுவந்தார், மெட்ஸ் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர் என்று ஆகஸ்டில் டேரில் ஸ்ட்ராபெரியைத் தாண்டினார். இப்படி மூன்று பேட்டர்களை வைத்துக்கொண்டு 83 வெற்றி! எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய வீணடிப்பு இல்லை. அடிக்கிறவன் நான்கு எடுத்துக் கொடுத்தால் எறிகிறவன் ஐந்து கொடுத்துவிட்டு வருகிறான். கடைசியில் நோலன் மெக்லீன், ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் என்று மூன்று இளம் பிட்சர்களைக் கொண்டுவந்தார்கள். மெக்லீன் வந்தது ஆகஸ்ட் 16, ஸ்ப்ரோட் வந்தது செப்டம்பர் 7. மெக்லீன் அருமையாக எறிந்தார். அந்தப் பையனை ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் தூக்கம் போய்விடுகிறது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியாது. வாரத்துக்கு ஒரு முறை வருகிற விளையாட்டு இல்லை இது. சாயங்காலம் 7.10-க்கு முதல் பந்து. ரசம் கொதிக்கும்போது இரண்டாவது இன்னிங்ஸ், சாப்பிடும்போது நான்காவது, பாத்திரம் கழுவும்போது ஏழாவது. வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கூடவே இருக்கிறது. அந்த ஆள் தினமும் ராத்திரி பத்து மணிக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால் வீடே எப்படி இருக்கும்?

செப்டம்பர் 14, ஞாயிறு. எட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்ற நேரம். அந்த எட்டில் நான்கு ஃபிலடெல்ஃபியாவில், ஃபிலீஸிடமே. டிவிஷன் அங்கேயே முடிந்தது. முதல் இரண்டு சின்சினாட்டியில், அந்த ரெட்ஸிடம்! அந்த இரண்டில் ஒன்றை ஜெயித்திருந்தால் 3–3. மொத்தத்தில் நாங்கள் ஒரு வெற்றி கூட, அவர்கள் ஒரு வெற்றி குறைவு. இன்றைக்கு இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு 7-ஆம் நம்பர் ரயிலில் எங்கள் மைதானமான சிட்டி ஃபீல்டுக்குப் போனேன். பத்தாவது இன்னிங்ஸில் அலோன்சோ அடித்த மூன்று ரன் ஹோம் ரனில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை ஜெயித்தோம். 5–2. மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பௌன் தெருப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிவிட்டு, கீழே கேன்டீனில் தோசை சாப்பிட்டோம். "அப்பா, இனிமே தோக்க மாட்டாங்கல்ல?" என்றாள். மாட்டார்கள் என்று சொன்னேன்.

அடுத்த வாரக் கடைசியில் அதே மைதானத்துக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் வந்தது. அந்தச் சீசனில் 96 ஆட்டம் தோற்ற அணி. மூன்றில் இரண்டை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஞாயிறன்று அவர்களுடைய ஜேக்கப் யங், சுவர் ஓரம் கையிலிருந்து நழுவிய பந்தைக் காலால் உதைத்து மேலே எழுப்பிப் பிடித்தார். உலகமே அந்தக் கேட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ரசித்தது. நல்ல கேட்ச்தான், மறுக்கவில்லை. 3–2 என்று தோற்றது நாங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் இங்கே நியூயார்க்கில் வெகுகாலமாக இருக்கிறார். 2007-இல் 17 ஆட்டம் மிச்சம் இருக்கும்போது மெட்ஸ் ஏழு ஆட்டம் முன்னிலை. அந்த 17-இல் 12 தோற்றது. கடைசி நாள், பழைய ஷே மைதானத்தில் அவரும் இருந்தார். 300 வெற்றிக்கு மேல் கண்ட டாம் கிளாவின் ஒரே ஒரு ஆளை அவுட் செய்துவிட்டு ஏழு ரன் கொடுத்துவிட்டு வெளியே போனார். 8–1. டிவிஷன் ஃபிலீஸுக்கு, ஒரே ஆட்ட வித்தியாசத்தில். அடுத்த வருடம் 2008, மறுபடியும் கடைசி நாள், மறுபடியும் தோல்வி, 4–2. அதுதான் ஷேயில் நடந்த கடைசி ஆட்டம். தோற்ற கையோடு பழைய வீரர்களை வரிசையாக அழைத்து மைதானத்துக்கு விடைகொடுக்கும் விழா நடத்தினார்களாம். அழுகிற கூட்டத்துக்கு நடுவில் நின்று கைதட்டினேன் என்று அண்ணன் சொல்வார். 2007-இல் எதிரே நின்றது யார்? மார்லின்ஸ். 2008-இல்? மார்லின்ஸ். 2025-இல்? மார்லின்ஸ். மூன்று முறையும் கடைசி நாள், மூன்று முறையும் அதே அணி. ஆனாலும் இதைச் சாபம் என்று சொல்ல நான் விட மாட்டேன். சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நீங்கள் வந்து உங்கள் பங்கைச் செய்தீர்கள், நாங்கள் எங்கள் பங்கைச் செய்யவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார். மனதார எழுதியிருப்பார், சந்தேகப்படவில்லை. 30 லட்சம் பேருக்கு மேல் இந்த வருடம் அந்த மைதானத்துக்கு வந்தோம். ஆனால் எனக்கு மன்னிப்பு வேண்டாம். அடுத்த ஜூனில் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கே யாருக்காவது வயிற்றைக் கலக்க வேண்டும். நல்ல பிட்சர் இரண்டு பேரைக் குளிர்காலத்திலேயே எடுத்து வைக்க வேண்டும்.   இவ்வளவுதான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மளிகைக் கடைக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஏப்ரலிலிருந்து மகள் ஒவ்வொரு நாளும் அதில் புள்ளி வைத்தாள். ஜெயித்தால் பச்சை, தோற்றால் சிவப்பு. நேற்று ராத்திரி அதைக் கழற்றி மேஜையில் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு பச்சையா இருந்தா போதுமாப்பா?"

"போதும்."

"எது?"

ஜூன் தாளைப் புரட்டினேன். 12 வரை பாதிக்கு மேல் பச்சை. 13-இலிருந்து வரிசையாகச் சிவப்பு. முதல் சிவப்பில் விரலை வைத்தேன். டாம்பா பே ரேஸ் வந்திருந்தது, எங்கள் மைதானம், 5–1 என்று முன்னால் இருந்தோம். 7–5 என்று தோற்றோம். அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போனேன்.