அதூரிஸை அனுப்பிவைத்தது நல்லதாகப் போயிற்று

ஸ்பெயின் கால்பந்து ஸ்ட்ரைக்கர்கள் (கோல் அடிப்பதே வேலையாக முன்வரிசையில் ஆடுபவர்கள்) என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் ராவுல், வியா, தோரஸ் என்று மூன்று பெயரோடு முடித்துக்கொள்கிறார்கள். மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அரிட்ஸ் அதூரிஸ் என்றுதான் சொல்வேன். அத்லெட்டிக் பில்பாவோ அணிக்காக 172 கோல் அடித்தவர். அதில் பெரும்பகுதி 31 வயதுக்கு மேல் அடித்தது.

அவருடைய ரசிகர்களே அடிக்கடி சொல்லும் ஒரு புலம்பல் உண்டு. "கிளப் இவரை ஆரம்பத்திலேயே பிடித்து வைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார், பத்து வருஷத்தை வீணடித்துவிட்டார்கள்" என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அனுப்பிவைத்ததால்தான் அவர் அதூரிஸ் ஆனார் என்பது என் கட்சி.

கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1981 பிப்ரவரியில் சான் செபஸ்டியானில் பிறந்தவர். வியாவுக்குச் சில மாதங்கள் மூத்தவர், தோரஸுக்கு மூன்று வயது மூத்தவர். சிறு வயதில் ஆடியது அந்திகுவோகோ என்ற உள்ளூர் கிளப்பில். சாபி அலோன்சோவும் மிக்கெல் அர்த்தேத்தாவும் அதே பட்டறையில் வந்தவர்கள்தான். அவர்கள் இருபத்து மூன்று வயதுக்குள் பெரிய லீக்குகளில் பெயர் வாங்கிவிட்டார்கள். அதூரிஸோ 2002ல் பில்பாவோவின் முதல் அணியில் சில ஆட்டங்களில் தலைகாட்டினார், அடுத்த வருஷமே வெளியே அனுப்பப்பட்டார். போன இடம் புர்கோஸ், மூன்றாம் டிவிஷன். அப்புறம் வல்லடோலிட், இரண்டாம் டிவிஷன். 2006 ஜனவரியில் பில்பாவோ திரும்பக் கூப்பிட்டது. அப்போது அந்த அணி தரமிறக்கத்தின் விளிம்பில் தத்தளித்துக்கொண்டிருந்தது. இரண்டரை வருஷம் உழைத்தார். 2008 கோடையில், வியாவும் தோரஸும் யூரோ கோப்பையைத் தூக்கிய அதே கோடையில், பில்பாவோ இவரை மயோர்காவுக்கு விற்றது. கிளப்புக்குப் பணம் தேவைப்பட்டது, பெர்னாண்டோ லொரென்டே என்ற இளம் ஸ்ட்ரைக்கர் வேறு அங்கே வளர்ந்துகொண்டிருந்தார். 2010ல் மயோர்காவிலிருந்து வலென்சியா. வியா பார்சிலோனாவுக்குப் போனதும் காலியான இடத்துக்கு வாங்கப்பட்ட இருவரில் ஒருவர் இவர். இன்னொருவர் சொல்தாதோ. நாளாக நாளாகச் சொல்தாதோ முதல் பதினொன்றிலும் இவர் பெஞ்சிலும் என்றானது.

இது வீண் அலைச்சல் மாதிரிதான் தெரியும். ஆனால் அவர் ஆடுவதைக் கவனித்துப் பார்த்தால் அந்தப் பத்து வருஷமும் அவர் உடம்பில் இருப்பது தெரியும்.

அவருடைய ஹெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியொன்றும் ஓங்கி வளர்ந்த ஆள் இல்லை, ஆறடிக்கும் கொஞ்சம் கீழே. ஆனாலும் தன்னைவிட உயரமான டிஃபெண்டர்களுக்கு மேலே எழும்பி அடிப்பார். எப்படி? கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே தூக்கி அனுப்பும் பந்து, வருவதற்கு முன்பே அவர் வேலை ஆரம்பித்துவிடும். பந்து வலது ஓரத்தில் சக ஆட்டக்காரர் சுசாயித்தா காலில் இருக்கும்போது டிஃபெண்டர் பந்தைப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து அதூரிஸ் நழுவி அவருடைய முதுகுப் பக்கம், தூரத்துப் போஸ்ட் அருகே போய் நின்றுகொள்வார். டிஃபெண்டர் திரும்பித் தேடும் அந்த ஒரு நொடியில் தோளால் இடம் பிடித்துவிடுவார். இரண்டு தப்படி ஓட்டம், எதிராளிக்கு ஒரு கணம் முன்பே எழும்புவது, அவ்வளவுதான். எதிராளி எழும்பும்போது அவர் மேல் ஏற்கனவே இவர் உடம்பின் பாரம் இருக்கும். பந்தை நெற்றியால் கீழ்நோக்கி, கோல்கீப்பர் போன திசைக்கு எதிரே இறக்குவார். இது அகாடமியில் சொல்லிக்கொடுத்து வருகிற வித்தை கிடையாது. கீழ் டிவிஷன் மைதானங்களில், நடுவர் பார்க்காதபோது விலாவில் இடிக்கும் டிஃபெண்டர்களோடு வாரா வாரம் மல்லுக்கட்டித்தான் வரும். இவரும் பதிலுக்கு இடிப்பவர்தான். அவருடைய முழங்கை வேலைகளில் சில எனக்கே பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, 2012ல் வலென்சியாவின் பெஞ்சில் இருந்த 31 வயதுக்காரரை வேறு எந்த கிளப் தேடி வாங்கியிருக்கும்? பாஸ்க் பகுதியில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்பது அத்லெட்டிக் பில்பாவோவின் நூறு வருஷத்துக்கு மேலான கொள்கை. லொரென்டே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று நின்றபோது, பிரேசிலிலோ அர்ஜென்டினாவிலோ போய் ஒரு இளைஞனை வாங்க அவர்களுக்கு வழியில்லை. இரண்டு முறை தாங்களே அனுப்பிவைத்தவரைத்தான் மூன்றாம் முறை கூப்பிட வேண்டியிருந்தது. அந்தக் கொள்கையைக் குறுகிய மனப்பான்மை என்று திட்டுபவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். சந்தை திறந்திருக்கும் கிளப்பில் இப்படியொரு ஆளுக்கு மூன்றாவது வாய்ப்பு என்பது நடக்கவே நடக்காது.

வந்தவர் என்ன செய்தார்? 2014-15லும் 2015-16லும் ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவில் அதிக கோல் அடித்த ஸ்பெயின்காரருக்கான சர்ரா விருது இவருக்கு. சர்ரா யார் என்றால், இதே பில்பாவோ அணியின் பழைய ஸ்ட்ரைக்கர், லா லிகாவில் 251 கோல் அடித்த மகாராஜா. அவர் பெயரிலான விருதை அவருடைய கிளப்பின் ஆளே 34 வயதில் வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம்!

2015 ஆகஸ்ட் 14 ஆட்டத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு ஆட்டங்கள் கொண்ட ஸ்பானிஷ் சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டம், பில்பாவோவின் சொந்த மைதானமான சான் மமேஸ். எதிரே அந்த வருஷம் மூன்று பெரிய கோப்பைகளையும் வென்று, மூன்று நாள் முன்பு ஐரோப்பிய சூப்பர் கோப்பையும் வாங்கிய பார்சிலோனா. மெஸ்ஸி, சுவாரஸ் எல்லாரும் உண்டு. பில்பாவோவின் சான் ஹோசே நடு மைதானத்துக்கு அருகிலிருந்தே ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு அதூரிஸ் பதினைந்து நிமிடத்தில் ஹாட்ரிக். 4-0. இரண்டாவது ஆட்டத்தில், பார்சிலோனாவின் காம்ப் நோவில் 1-1, அந்த ஒன்றும் இவருடையதே. 1984க்குப் பிறகு பில்பாவோவுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. அந்த சீசன் முடியும்போது எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 36 கோல். அடுத்த சீசனில், 2016 நவம்பரில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோபா லீக்கில் பெல்ஜியத்தின் கெங்க் அணியை 5-3 என்று வென்றார்கள். ஐந்தும் அதூரிஸ்.

எனக்குத் தீராத வருத்தம் ஸ்பெயின் தேசிய அணி விஷயத்தில்தான். 2010 அக்டோபரில் ஒரு ஆட்டம் கொடுத்துவிட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் மறந்தே போனார்கள். 2013-14 சீசனில் லீக்கில் 16 கோல் அடித்து அணியைச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுவரை கொண்டுபோனவரை விட்டுவிட்டு, 2014 உலகக் கோப்பைக்குக் காயத்திலிருந்து முழுதாக மீளாத தியெகோ கோஸ்டாவைக் கூட்டிப்போனார்கள். முதல் சுற்றிலேயே வெளியே. அதூரிஸ் போயிருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் சிலி ஆட்டத்தில் பாக்ஸுக்குள் ஒரு பந்தைத் தலையால் தட்ட ஆள் இருந்திருக்கும். 2016 மார்ச்சில் ஸ்பெயின் பயிற்சியாளர் தெல் போஸ்கே திரும்ப அழைத்ததும் இத்தாலிக்கு எதிராக கோல். அதே வருஷம் நவம்பரில் மாசிடோனியாவுக்கு எதிராக இன்னொன்று. ஸ்பெயினுக்காக கோல் அடித்தவர்களிலேயே மிக மூத்தவர் என்ற பெயரை 35 வயதில் எடுத்துக்கொண்டார்.

2019 ஆகஸ்ட் 16, லீக்கின் முதல் ஆட்டம், மறுபடி பார்சிலோனா, மறுபடி சான் மமேஸ். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டிவிட்டது. இதுதான் கடைசி சீசன் என்று ஏற்கனவே அறிவித்திருந்த 38 வயது அதூரிஸ் 88வது நிமிடத்தில் உள்ளே வருகிறார். 89வது நிமிடத்தில் வலது பக்கமிருந்து சக ஆட்டக்காரர் கப்பா ஒரு கிராஸ். பந்து கொஞ்சம் பின்னால் வருகிறது, அப்படியே காற்றில் மல்லாந்து பைசைக்கிள் கிக். பார்சிலோனா கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் பாய்ந்தும் எட்டவில்லை. 1-0. சரியாக ஒரு வாரம் கழித்து ஜப்பானில் தோரஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடி விடைபெற்றார்.

அந்த சீசனை அதூரிஸால் முடிக்க முடியவில்லை. இடுப்பு மூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை. 2020 மே மாதம் ஓய்வை அறிவித்தார். அவர் கனவு கண்ட கிங்ஸ் கோப்பை இறுதிப் போட்டி, அதுவும் தன் ஊர் அணியான ரியல் சோசியதாதுக்கு எதிராக, கொரோனாவால் தள்ளிப்போயிருந்தது. 2021 ஏப்ரலில் காலி மைதானத்தில் நடந்தது, பில்பாவோ 0-1 என்று தோற்றது.

"கடைசியில் ஒரு சூப்பர் கோப்பைதானே வாங்கினார்?" என்று சென்ற வாரம் ஒருவர் என்னிடம் கேட்டார். வாங்கிய கோப்பையை எண்ணி ஸ்ட்ரைக்கரை அளப்பதாக இருந்தால் பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் இவரைத் தாண்டிவிடுவார்கள். கேட்டவருக்கு நான் அனுப்பிவைத்தது 2016 பிப்ரவரியில் யூரோபா லீக்கில் மார்செய் மண்ணில் அதூரிஸ் அடித்த வாலியை, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடித்த கோலை. கோலுக்கு அவ்வளவு தூரத்தில் பந்தை வாங்கினால் யாராக இருந்தாலும் பாஸ் கொடுக்கத்தான் பார்ப்பார்கள். இவர் அங்கிருந்தே மார்செய் கோல்கீப்பர் மந்தந்தாவின் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். பில்பாவோ 1-0 என்று வென்றது, அந்த ஒரு கோல் வித்தியாசத்தில்தான் அடுத்த சுற்றுக்கும் போனது. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.