கடவுள் கொடுத்த குரலாம்!

நேற்று ராத்திரி ஃப்ரிட்ஸ் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் ஓபராப் பாடகர் பாடிய பாட்டு ஒன்றை நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' என்ற ஓபராவில், அதாவது இசை நாடகத்தில், இளவரசன் தமினோ ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்ததுமே காதலில் விழும் இடம். 1964-இல் கார்ல் போம் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பதிவு. கேட்டுவிட்டு "கடவுள் கொடுத்த குரல்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். பாராட்டுதான். எனக்கோ சுருக்கென்றது. அந்த மனுஷன் பட்ட பாட்டையெல்லாம் கடவுள் கணக்கில் எழுதிவிட்டோமே!

வுண்டர்லிக் 1930-இல் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் கூசெல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே இசைக்காரர்கள். இவருக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா தற்கொலை செய்துகொண்டார். அப்புறம் போர், வறுமை. ஃப்ரைபுர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது பாட்டோடு ஹார்ன் என்ற ஊதுகருவியும் படித்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே, அதற்காக நடன இசைக்குழுக்களில் வாசித்தார், பாடினார்.

இந்த ஹார்ன் விஷயத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. சுருட்டி வைத்த பித்தளைக் குழாய் அது. மூச்சு கொஞ்சம் தளர்ந்தாலும் சுரம் பிசிறிவிடும், ஊரே திரும்பிப் பார்க்கும். வருஷக்கணக்கில் அதை ஊதியவருக்கு மூச்சை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தெரியாமலா இருக்கும்? தமினோவின் அந்தப் பாட்டில் முதல் சுரத்திலிருந்து இரண்டாவதற்கு ஒரு பெரிய தாவல் உண்டு. எத்தனையோ நல்ல டெனர்கள், அதாவது உச்ச ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர்கள், அங்கே எம்பிப் பிடிப்பது காதில் விழும். இவர் எம்புவதே தெரியாது, முன்கூட்டியே மேலே போய் நின்றுகொண்டிருந்தவர் போலிருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் 'இயற்கை' என்கிறோம்.

சரி, மேடைக்கு வருவோம். 1955-இல் ஸ்டுட்கார்ட் ஓபராவில் சேர்ந்தார். வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' ஓபராவில் தொழில் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று இருக்கும் பன்னிரண்டு பாட்டு விற்பன்னர்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களில் ஒரு மளிகைக்காரர் உண்டு. அந்தப் பொடி வேஷம்தான் இவருக்குக் கிடைத்தது. மறு வருஷம் யோசெஃப் டிராக்ஸல் என்ற மூத்த டெனர் பாட முடியாமல் போனபோது அவருக்குப் பதிலாகத் தமினோ. 1959-இல் சால்ஸ்பர்க் இசை விழா, 1960-இல் மியூனிக் ஓபரா, 1962-இல் வியன்னா ஓபரா.

பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது ஜெர்மன் ஓபரா அரங்குகளின் வழக்கம். இன்றைக்கு மளிகைக்காரர், நாளைக்கு இளவரசன். பெரிய பாடகர்களின் பக்கத்தில் நின்று, அவர்கள் எங்கே குரலைச் சேமிக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். போட்டியில் ஜெயித்த கையோடு பெரிய வேஷத்தைக் கொடுத்து ஊர் ஊராகப் பறக்கவிடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கச்சேரி மேடையிலும் சும்மா இருக்கவில்லை. பாஹ், ஹைடன், மாலர் ஆகியோரின் இசையெல்லாம் பாடினார். மாலரின் 'பூமியின் பாடல்' முதல் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா டெனரை அப்படியே விழுங்கப் பார்க்கும். கிளெம்பரர் நடத்திய பதிவில் இவர் கத்தாமலே அதைத் தாண்டி வருகிறார். இத்தனைக்கும் நடுவில் 'கிரனாடா' மாதிரி ஜனரஞ்சகப் பாட்டுகளையும் பாடினார். அதற்கு முகம் சுளிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இவருக்குக் கைவராமல் இருந்தது ஒன்றுதான். ஒரே ஒரு பியானோவை வைத்துக்கொண்டு பாடும் ஜெர்மன் கவிதைப் பாட்டு. வேஷம் கிடையாது, ஒளிந்துகொள்ள ஆர்கெஸ்ட்ராவும் கிடையாது. ஆரம்பத்தில் விமர்சகர்கள் மெச்சவில்லை. ஓபராவில் கொடிகட்டிப் பறந்த மனுஷன், தன்னைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்த ஹூபர்ட் கீஸன் என்ற பியானோக்காரரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஷூமனின் 'கவிஞனின் காதல்' பாட்டுகளை இவர் 1965-இல் ஸ்டூடியோவில் பாடிய பதிவையும், 1966 செப்டம்பர் 4 அன்று எடின்பரோ மேடையில் பாடிய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் அழகு குறையில்லாமல் இருக்கிறது. இரண்டாவதில் குரல் அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையே அவருக்கு இல்லை. நண்பருக்கு இதைத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

எடின்பரோதான் கடைசிக் கச்சேரி. நண்பர் ஒருவரின் வேட்டை மாளிகையில் மாடிப்படியிலிருந்து விழுந்து, செப்டம்பர் 17 அன்று ஹைடல்பர்கில் இறந்தார். முப்பத்தாறு வயது முடிய ஒன்பது நாள் பாக்கி. அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதன்முதலாகப் பாடுவதாக இருந்தது.

காராயன் நடத்திய ஹைடனின் 'படைப்பு' பதிவும் பாதியில் நின்றது. பெரிய பாட்டுகளைப் பாடி முடித்திருந்தார். அவற்றுக்கு நடுவே பேச்சு மாதிரி வரும் சின்னப் பகுதிகள் மட்டும் மிச்சம். அவற்றைப் பிறகு வெர்னர் க்ரென் பாடினார். அந்த இசைத்தட்டைப் போட்டால், இவர் ஏற்ற ஊரியல் என்ற தேவதை ஒரு குரலில் பேசும், இன்னொரு குரலில் பாடும்.