உரிமம் தரத் தெரியாத அரசுக்குத் தூக்குப் போட மட்டும் தெரியுமா?

மும்பை மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம்மை லிபர்டேரியன், அதாவது தனிமனித வாழ்வில் அரசின் தலையீடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பவர், என்று சொல்லிக்கொள்பவர். உரிமத்தைப் புதுப்பிக்க மாநகராட்சிக்கு நடையாய் நடந்து அலுத்தவர். ராஜாஜி சாடிய லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் இன்னும் ஒழியவில்லை என்பார். கொலை வழக்கு பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், அதே அரசு தாமதமின்றித் தூக்கில் போட வேண்டும் என்கிறார்.

அவர் நிலைப்பாட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பிறர் உயிரைப் பறித்தவன் தன் உயிருக்கான உரிமையை இழக்கிறான் என்று அமெரிக்க லிபர்டேரியன் சிந்தனையாளர் முர்ரே ரோத்பார்ட் வாதிட்டார். ஆனால் தண்டனையைக் கோரும் உரிமையை அவர் அரசிடம் தரவில்லை; கொல்லப்பட்டவரின் சார்பில் அவருடைய வாரிசுகளுக்கே தந்தார், மன்னிக்கும் உரிமையையும் சேர்த்து. நம் சட்டத்திலோ கொலை சமரசத்துக்கு உட்படாத குற்றம். மகனைப் பறிகொடுத்த தாயே மன்னித்தாலும் வழக்கு தொடரவே செய்யும். கருணை மனுவின் மீது குடியரசுத் தலைவர் எடுக்கும் முடிவும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான். ரோத்பார்ட்டின் வாதத்தில் நண்பர் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதைவிட என்னை உறுத்துவது 2003இல் நாசிக் மாவட்டத்தில் நடந்த ஒரு கொலை வழக்கு. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கும் 2009இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மாற்றி விதித்தது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தாக்குதலில் உயிர்பிழைத்த பெண் காவல்துறையின் புகைப்படத் தொகுப்பைப் பார்த்து வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தும், அவர்களை யாரும் விசாரிக்கவில்லை. உரிமக் கோப்பைத் தொலைக்கும் அதே அரசு இயந்திரம்தான் இதுவும். என்ன, இங்கே தொலையவிருந்தவை ஆறு உயிர்கள்.

2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட பன்னிரண்டு பேரில் ஐவருக்கு 2015இல் தூக்கு விதிக்கப்பட்டது. 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியிருக்கிறது என்பதால் அதன் முடிவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஐவரில் ஒருவர் 2021இலேயே சிறையில் இறந்துவிட்டார்.

அப்படியானால் கொலைகாரனை என்னதான் செய்வது என்று நண்பர் கேட்கிறார். தண்டனைக் குறைப்பே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் சிறையில் வைக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2008இலேயே காட்டிவிட்டது. அரசின் தவறு பதினாறு ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தாலும், விடுவிக்க ஆள் உயிரோடு இருப்பார்.