ஒரு பறவையைக்கூடக் காணோமாம்!

"இவ்வளவு தூரம் நடந்தும் ஒரு பறவையைக்கூடக் காணோமே!" சதுப்புநிலப் பூங்காவின் வாசலில் யாராவது ஒருவர் இப்படி அலுத்துக்கொள்ளாத நாளே இல்லை. அவர் தோளில் தொங்கும் ஸ்பீக்கர் அப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கும். எப்படி ஐயா காணும்? நீங்கள் வருவது நாரைக்கு அரை கிலோமீட்டர் முன்பே தெரிந்துவிடுகிறதே! மரநடைபாதையில் குழந்தைகள் தடதடவென்று ஓடினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'அமைதி காக்கவும்' பலகையின் அடியிலேயே நின்று, போனில் ஊர்க்கதையெல்லாம் கத்தும் பெரியவர்களை என்ன செய்வது?

இருந்தாலும் என் முழுக் கோபமும் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் வரும் கயாக்காரர்கள் மீதுதான். மோட்டார் இல்லை, புகை இல்லை, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. கயாக் மிதக்க ஒரு சாண் தண்ணீர் போதும். மோட்டார் படகு எட்டிப் பார்க்காத கோரைப்புதருக்குள்ளும் அது மூக்கை நுழைத்துவிடும். பறவைகள் கூடு கட்டுவதோ அங்கேதான்!

முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கும். கோரைத் தண்டில் பிணைந்திருக்கும் ஈரத் தழைக் குவியல், அவ்வளவுதான். கூட்டை விட்டு இறங்குவதற்கு முன் அது அந்தத் தழைகளை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவைக்கும். அதற்குச் சில நொடிகளாவது வேண்டாமா? செல்ஃபி எடுப்பதற்காகப் புதரைப் பிளந்துகொண்டு திடீரென்று ஒரு மஞ்சள் படகு நுழைந்தால் மூடுவதற்கு ஏது நேரம்? தாய் முங்கி மறைந்துவிடும். முட்டைகள் திறந்தபடி கிடக்கும். காக்கைக்கு இதைவிட வேறு அழைப்பிதழ் வேண்டுமா?

நாமக்கோழியின் பாடு இன்னும் மோசம். நீர்ப்பரப்பில் படபடவென்று ஓடித்தான் அதனால் மேலே எழும்ப முடியும். அந்த ஓட்டம் அழகாக இருக்கிறதாம், விரட்டி விரட்டி வீடியோ எடுக்கிறார்கள்! அது உயிருக்குப் பயந்து ஓடுகிறது. வலசைப் பயணத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பை இவர்களின் வீடியோவுக்காக எரிக்கிறது.

சொந்தக் கயாக் வைத்திருப்பவர்கள் செய்வது வேறொரு கூத்து. ஒரு நீர்நிலையிலிருந்து ஏற்றியதை, கழுவாமல் காயவைக்காமல் மறுநாள் இன்னொன்றில் இறக்குகிறார்கள். அடியில் ஒட்டிய ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று போதும், அந்த நீர்நிலையையும் மூடிவிட.

1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காப்பதற்கான ஒப்பந்தம் ஏற்கப்பட்டதை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் அதே நாளில் உலக ஈரநில தினம் கொண்டாடுகிறோம். பதாகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கயாக் வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில், "விபத்து நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு, "கோரைக்குள் போகக்கூடாது" என்று அதே தாளில் ஒரு வரி சேர்க்க என்ன கேடு? கூடு கட்டும் காலத்தில் மட்டுமாவது புதரோரம் மிதவைக் கயிறு கட்டி மறித்தால் என்ன? கேட்டால், வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்கிறார்கள்.

கோபித்துக்கொள்ளட்டுமே! நான் இத்தனை நாளாகக் கோபித்துக்கொண்டிருக்கிறேனே, அதை யாராவது கணக்கில் எடுத்துக்கொண்டார்களா?