குமாஸ்தாவின் காதோடு போனது

இலக்கியக் கூட்டம் எதற்குப் போனாலும் 'குரலற்றவர்களின் குரல்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். எனக்கு அப்போதெல்லாம் பாலசுந்தரம் நினைவுக்கு வருவார்.

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் காந்தி வக்கீலாக இருந்தபோது அவரைத் தேடி வந்த ஒப்பந்தக் கூலி. வெள்ளைக்கார முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றார் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விவரத்தை அவருக்குச் சொன்னது அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா. சரி, பாலசுந்தரம் என்ன சொல்லி அழுதார்? 'ஐயா' என்றாரா, 'அப்பா' என்றாரா, முதலாளியை வாய்விட்டுத் திட்டினாரா? அந்தப் பேச்சு குமாஸ்தாவின் காதோடு போய்விட்டது. குரலெல்லாம் இருந்தது. எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில், டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறி வந்தார்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை உண்டு. தழும்பு எப்படி வந்தது என்று எழுதக் கட்டம் கிடையாது. அதே ஆட்கள்தான் கரும்புத் தோட்டங்களில் தெருக்கூத்து ஆடினார்கள். எங்கள் ஆயா இழவு வீட்டில் பாடும் ஒப்பாரியில், செத்தவருக்கு நடுவே தோட்டத்துக் கங்காணியான சிர்தாரும் வந்து வசவு வாங்குவான். அதை நானும் எழுதி வைக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

அதனாலேயே எழுத்தாளர் ரோனி கவெண்டரை எனக்குப் பிடிக்கும். டர்பனின் கேட்டோ மேனரில் பிறந்து, அந்த ஊர் மக்களையே எழுதியவர். ஆங்கிலம்தான், ஆனால் நம் வீட்டு ஆங்கிலம். வாய்விட்டுப் படித்தால் எங்கள் மாமா பேசுவதுபோல் இருக்கும். நிறவெறி அரசு 1950இல் கொண்டுவந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் வேறு இடங்களுக்கும் துரத்திவிட்டார்கள். அவர் கதைகளில் வரும் ஆட்கள் அதற்காக இரக்கம் கேட்டு நிற்பதில்லை. கிண்டலடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு நம் ஆண்கள் எல்லாரும் 'சாமி', பெண்கள் எல்லாரும் 'மேரி'. ராமசாமி, முனுசாமி எல்லாம் தேய்ந்து ஒரே சாமி. இதை எத்தனை ஆத்திரத்தோடு பேசுகிறோம்! நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் துணி துவைக்க வந்த ஜூலு இனத்து அம்மாவை நாங்களும் 'மேரி' என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.