முதலில் அந்த மாட்டுக்குப் பணம் கொடுங்கள்

மசினகுடிப் பக்கம் இருக்கும் என் சித்தியின் பசுவைப் புலி அடித்தபோது நான் அங்கேதான் இருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பாத மாட்டை மறுநாள் காலையில் தேடிப் போனோம். உண்ணிப் புதருக்குள் இழுத்துப் போட்டிருந்தது. கழுத்தில் பல் பதிந்த ஓட்டைகள். பின்தொடையை மட்டும் தின்றிருந்தது. கன்று போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்த மாடு, மடியில் பால் கட்டிக் கிடந்தது. சித்தி அழவில்லை. அந்த மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி திரும்ப வரும் அக்கா. கொஞ்சம் குருணை மருந்து போதும்."

பெரிய மாட்டைப் புலி ஒரே வேளையில் தின்று தீர்க்காது. மறைத்து வைத்துவிட்டு அடுத்தடுத்த இரவுகளில் திரும்ப வரும். காட்டோரத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் புலியைக் கொல்லத் துப்பாக்கியும் வேண்டாம், சுருக்குக் கம்பியும் வேண்டாம், காட்டுக்குள் போகிற துணிச்சலும் வேண்டாம். செத்த மாடும் அதில் வைக்கப் பூச்சிமருந்துக் கடை விஷமும் இருந்தால் போதும்.

சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "கழுகும் சாகும், நம்ம நாயும் சாகும். விடுப்பா" என்றார். அவர் சொன்னது சாதாரண விஷயமில்லை. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டும் பாறுக் கழுகுகள் மாடு, மான் என்று செத்த விலங்குகளை நம்பித்தான் வாழ்கின்றன.

எல்லாரும் சித்தி மாதிரி இருக்க மாட்டார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பக்கத்திலேயே ஒரு மாட்டின் உடல். தன் மாட்டைப் புலி கொன்றதால் அந்த மாட்டின் உடலில் விஷம் வைத்ததாக அதன் சொந்தக்காரர் கைதானார். அந்தச் சில வாரங்களில் மட்டும் நீலகிரியில் குட்டிகளையும் சேர்த்துப் பத்துப் புலிகள் செத்தன. அவர் செய்தது குற்றம்தான், தண்டனை வேண்டும். ஆனால் அவரைக் கைது செய்ததோடு வேலை முடிந்ததாக நினைத்தால் அடுத்த மாடு சாகிற வரைதான் நிம்மதி.

வேட்டைக் கும்பல்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே 2023 பிப்ரவரியில் வடக்கிலிருந்து வந்தவர்கள் சத்தியமங்கலம் அருகே புலித்தோலோடு பிடிபட்டார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பதாகக் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2005-இல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வேட்டைக்குப் பலியாகிவிட்டன. மூன்று வருடம் கழித்து அதே மாநிலத்து ரந்தம்பூர் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. ஆனால் வெளியூர்க்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், புலி எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும் என்பது உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். புலிமேல் கோபத்தில் இருக்கிற ஊரில் அதைக் காட்டிக்கொடுக்க ஒருவன் கிடைத்துவிடுவான். சரிஸ்காவுக்குப் பிறகு சுற்றுச்சூழல் ஆர்வலர் சுனிதா நாராயண் தலைமையில் மத்திய அரசு அமைத்த பணிக்குழுவும், மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது என்றுதான் சொன்னது.

தமிழ்நாட்டில் 2006-இல் 76 புலிகள், 2022 கணக்கெடுப்பில் 306. இதற்காக உண்மையிலேயே பெருமைப்படுகிறேன். மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து கண்ணி பொறுக்குகிற வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவர்களில் பலர் இருளர், குறும்பர் பிள்ளைகள். வருடக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே இருப்பவர்களை இனியாவது நிரந்தரமாக்குங்கள்.

அப்புறம், புலி அடித்த மாட்டுக்கு அரசு தரும் இழப்பீடு. சித்தி அலைந்த அலைச்சலை நான் கூடவே இருந்து பார்த்தவன். மாட்டு மருத்துவர் சான்று, போட்டோ, வங்கிப் புத்தக நகல். எல்லாம் கொடுத்த பிறகு, மாடு பட்டா நிலத்தில் செத்ததா காட்டு எல்லைக்குள் செத்ததா என்று ஒரு கேள்வி. அதற்கு நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பணம் வந்தபோது அந்தப் பசுவின் கன்று சினைக்கு வந்துவிட்டது.

மாடு செத்த இடத்துக்கு அன்றைக்கே வனத்துறை ஆள் வர வேண்டும். பாதிப் பணத்தையாவது கையில் கொடுத்துவிட வேண்டும். மீதிச் சான்றிதழை எல்லாம் நிதானமாக வாங்கிக்கொள்ளட்டும். 'ராத்திரி திரும்ப வரும்' என்றாரே அந்த அண்ணன், அந்த ராத்திரிக்கு முன்னால் அவர்கள் வர வேண்டும்.