பப்கெமின் எண்ணிக்கையும் நம் ஆய்வகங்களின் கடனும்

வேதிச் சேர்மங்களின் தகவல்களை இலவசமாகத் தரும் பப்கெம் தளத்தில் இன்று 11 கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்த எண்ணைப் பார்த்து வியப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒரு பொதுத் தரவுத்தளம் வளர்ந்திருக்கிறதா என்பதை இந்த எண்ணை வைத்து அளக்கக் கூடாது என்பது என் கருத்து. இவற்றில் கணிசமானவை காப்புரிமை ஆவணங்களிலிருந்து கணினி பிரித்தெடுத்தவை. வேறு பல, கேட்டால் செய்து தருவதாகச் சொல்லி விற்பனை நிறுவனங்கள் பட்டியலில் மட்டும் வைத்திருப்பவை. எந்தக் குடுவையிலும் இதுவரை உருவாகாதவை. பெரும்பாலான சேர்மங்களின் பக்கத்தில் கணினி கணித்துத் தந்த பண்புகள் இருக்குமே தவிர, ஆய்வகத்தில் ஒருவர் அளந்த உருகுநிலை ஒன்றுகூட இருக்காது. தளம் இனி விரிய வேண்டியது அளந்தறிந்த தரவால்தான். அப்படிப்பட்ட தரவு நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் மலைமலையாய்க் கிடக்கிறது, யாருடைய தேடலுக்கும் அகப்படாமல்.

அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2004இல் பப்கெமைத் தொடங்கியபோது, அது பிழைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து கட்டணத்துக்கு வேதித் தரவு வழங்கிவரும் சி.ஏ.எஸ். அமைப்பும் அதன் தாய் அமைப்பான அமெரிக்க வேதியியல் கழகமும், அரசுப் பணத்தில் தங்களுக்குப் போட்டி நடத்துவதா என்று 2005இல் நாடாளுமன்றம் வரை போயின. அறிவியல் கழகம் ஒன்று அறிவியல் தரவு இலவசமாகக் கிடைப்பதை எதிர்த்தது என்பதை இப்போது நினைத்தாலும் விந்தையாகத்தான் இருக்கிறது. அதே சி.ஏ.எஸ். 2021இல் சுமார் 5 லட்சம் சேர்மங்களின் அடிப்படைத் தகவலைத் தானே இலவசமாகத் திறந்துவிட்டது.

பப்கெமின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் எதைச் சீர்செய்ய வேண்டும் என்பது விளங்கும். தரவு தருபவர் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பொருள் எண் கிடைக்கிறது. அவர் சொன்னது சொன்னபடியே அங்கே இருக்கும். அந்தப் பதிவுகளிலுள்ள மூலக்கூறு வடிவங்களை நிரல் ஒன்று ஒழுங்குபடுத்தி, ஒரே வடிவம் கொண்டவற்றைத் திரட்டி, ஒரு சேர்ம எண்ணின் கீழ் வைக்கிறது. ஆஸ்பிரின் 2244, காஃபீன் 2519 என்பவை இந்தச் சேர்ம எண்களே. இது நேர்மையான ஏற்பாடு. யார் எதைச் சொன்னார் என்பது அழிவதில்லை. ஆனால் சமர்ப்பித்தவர் வடிவத்தைப் பிழையாக வரைந்திருந்தால் அந்தப் பிழைக்கும் தனியாக ஒரு சேர்ம எண் பிறந்துவிடும்.

வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டினை எடுத்துக்கொள்வோம். 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட இச்சேர்மத்தின் வடிவம் உறுதிப்படவே 1980களின் நடுப்பகுதி வரை ஆனது. அதில் 16 சீர்மையற்ற கார்பன்கள், அதாவது நான்கு வெவ்வேறு தொகுதிகளோடு பிணைந்த கார்பன் அணுக்கள், உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டில் ஒரு வகையாக அமையலாம் என்பதால், தாளில் எழுதிப் பார்த்தால் 65,536 வடிவங்கள் வரும். வேம்பு செய்வது அவற்றில் ஒன்றை. பழைய கட்டுரை ஒன்றின் படத்தைப் பார்த்து வரைபவர் ஒரே ஒரு பிணைப்பை, அது தாளிலிருந்து எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைக் காட்டும் ஆப்பு வடிவில் குறிக்க மறந்தாலும் அது வேறொரு சேர்மமாகப் பதிவாகும். பெயரோ மாறாது. பெயரை மட்டும் தட்டித் தேடும் மாணவர் எந்தப் பதிவில் போய் இறங்குவார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் சி.ஏ.எஸ். அமைப்பு தரும் அடையாள எண்களின் கதையும் இப்படித்தான். புரோப்பிலீன் கிளைக்காலின் எண் 57-55-6. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது: மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 56 வருகிறது, அதன் இறுதி இலக்கம் 6. தட்டச்சுப் பிழை இதில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஆனால் அந்த இடத்தில் டைஎத்திலீன் கிளைக்காலின் 111-46-6 எண்ணை ஒருவர் ஒட்டிவிட்டால் கணக்கு அப்போதும் சரியாகவே வரும். முன்னது மருந்துகளில் பயன்படுவது. பின்னது சிறுநீரகத்தைச் சிதைப்பது, 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கண்டறியப்பட்டது. எண்ணின் இலக்கணம் சரியாக இருப்பது வேறு, எண் உரிய பொருளோடு சேர்ந்திருப்பது வேறு. பின்னதை வேதியியல் தெரிந்த ஒரு மனிதர்தான் பார்க்க முடியும். தரவுத்தளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்வதால், ஒரு பட்டியலில் நுழைந்த தவறு சில ஆண்டுகளில் பல தளங்களில் தென்படும். எல்லா இடத்திலும் இருக்கிறதே என்பதே அதற்குச் சான்றாகவும் ஆகிவிடும்.

ஆஸ்பிரினின் பக்கத்தில் உருகுநிலை ஒரு வரியில் 275 டிகிரி ஃபாரன்ஹீட் என்றும் இன்னொரு வரியில் 135 டிகிரி செல்சியஸ் என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு வரியின் கீழும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் இருக்கும். இது குழப்பம் என்று குறைசொல்லும் நண்பர்கள் உண்டு; எனக்கு இது பப்கெமின் ஆகச் சிறந்த பண்பாகப் படுகிறது. பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் இருந்த ழான் குளோட் பிராட்லி, உருகுநிலைகளைத் திரட்டிப் பொதுவில் வைத்தபோது முரண்படும் மதிப்புகளையும் மறைக்காமல் மூலத்தோடு சேர்த்தே வைத்தார். முரண்கள் கண்ணில் பட்டால்தான் எவை மறுபடி அளக்கப்பட வேண்டியவை என்பது தெரியும்.

இனி நம் வீட்டுக் கணக்கு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து மூலிகைகள் குறித்து வெளிவரும் கட்டுரைகளில் ஒரு வகை உண்டு. இலையைக் காயவைத்துப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து நிறை அளக்கும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் அதைச் செலுத்தி, கருவியின் நூலகம் (முன்பே சேமித்த நிறமாலைத் தொகுப்பு) பொருத்திக் காட்டும் பெயர்களை அப்படியே அட்டவணையாக்கி, இந்தத் தாவரத்தில் உள்ள வேதிப்பொருள்கள் இவை என்று அறிவித்துவிடுவது. அந்த அட்டவணையில் டைஎத்தில் தாலேட் இருக்கும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் புட்டியிலிருந்தோ கரைப்பானிலிருந்தோ வந்தது. சிலிக்கான் கொண்ட சிலாக்சேன்கள் இருக்கும். அவை கருவியின் பிரிகைக் குழாய்க்குள் பூசியிருக்கும் பூச்சு சூட்டில் சிதைந்து வெளிவருபவை, எந்த இலையும் அவற்றைச் செய்வதில்லை. நூலகப் பொருத்தம் என்பது ஓர் ஊகம் மட்டுமே. தூய மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே அதை அடையாளம் என்று சொல்லலாம். ஆனால் அச்சேறிவிட்டால், தரவுத்தளத்துக்காகக் கட்டுரைகளை அலசும் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. விரிவாக்கம் என்ற பெயரில் இத்தகைய அட்டவணைகளை அள்ளிப் போடுவதைவிட அந்த இடத்தைக் காலியாக விடுவது மேல்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி இருக்கிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக் குழு, இந்திய மருத்துவத் தாவரங்களுக்காக இம்பாட் என்ற தளத்தை 2018இல் வெளியிட்டபோது அதில் 1,742 தாவரங்களும் 9,596 வேதிப்பொருள்களும் இருந்தன. நூல்களிலும் கட்டுரைகளிலும் சிதறிக் கிடந்தவற்றை ஆட்கள் உட்கார்ந்து வாசித்துத் தொகுத்தார்கள். 2022இல் வந்த இரண்டாம் பதிப்பில் தாவரங்கள் 4,010, வேதிப்பொருள்கள் 17,967. இந்தப் பெருக்கத்தைவிட நான் மதிப்பது, ஒரு வேதிப்பொருள் தாவரத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற தகவலை அந்தப் பதிப்பு சேர்த்ததைத்தான். வேரில் இருப்பது இலையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த ஒரு தகவல் இல்லாமல் எத்தனை ஆயிரம் பெயர்கள் சேர்ந்தாலும் ஆய்வாளருக்கு அவை அரைகுறைத் துணையே.

ஆய்வேடுகளுக்கு வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வேடுகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிவிடுகின்றன, அதுவரை நல்லது. ஆனால் கரிம வேதியியல் ஆய்வேட்டில் ஒரு மாணவர் உருவாக்கிய புதிய சேர்மங்களின் வடிவத்துக்குச் சான்றான என்.எம்.ஆர். நிறமாலைகள் அங்கே படங்களாகவே கிடக்கின்றன, பல நேரங்களில் ஒளிவருடிய மங்கலான படங்களாக. மூலக்கூறு வடிவத்தை வைத்து அவற்றைத் தேட முடியாது. கருவி தந்த மூலக் கோப்பு துறையின் பழைய கணினியோடு போய்விடும்.

படிகவியலாளர்களிடம் இந்த நிலை இல்லை. 1965இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய படிக வடிவத் தரவுத்தளம் 2019இல் 10 லட்சம் வடிவங்களைத் தொட்டது. படிகக் கோப்பை ஒப்படைத்து எண் வாங்காமல் கட்டுரை அச்சேறாது என்று ஆய்விதழ்கள் நிபந்தனை வைத்தது அதற்கு ஒரு பெருங்காரணம். அதே துறைக் கட்டடத்தில் பக்கத்து அறையில் சேர்மங்களைத் தொகுத்து உருவாக்குபவருக்கு அப்படிப்பட்ட நிபந்தனை வழக்கத்தில் இல்லை. இதைச் சுதந்திரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆய்வு உதவித்தொகையும் கருவியும் பொதுப்பணத்தில் வந்தவை.

ஆகவே பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டை ஏற்கும்போதே மூன்றைக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு சேர்மத்துக்கும் கணினி படிக்கக்கூடிய வடிவக் கோப்பு, கருவியின் மூல நிறமாலைக் கோப்பு, அளந்த பண்புகளை அலகோடும் அளந்த முறையோடும் சொல்லும் எளிய அட்டவணை. பப்கெமில் தரவு சமர்ப்பிக்கக் கட்டணம் இல்லை. ஒரு துறை ஒரே கணக்கைத் தொடங்கி, ஆண்டுதோறும் வெளிவரும் ஆய்வேடுகளின் சேர்மங்களை மொத்தமாக ஏற்றலாம். நிறமாலைகளின் மூலக் கோப்புகளைத் திறந்த களஞ்சியம் ஒன்றில் வைத்து இணைப்புத் தரலாம். ஏற்றுவதற்கு முன் வடிவங்களை ஒருமுறை பார்த்துச் சரிசொல்ல நெறியாளரைத் தவிர இன்னொருவரும் இருக்க வேண்டும்; பிழையை ஏற்றிவிட்டுப் பிறகு திருத்துவதைவிட அது மலிவு.

இதைச் சொன்னால் எழும் முதல் மறுப்பு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம், இப்போதே வெளியிட்டால் போய்விடுமே என்பது. அதற்கும் வழி உண்டு. பதிவை இன்ன தேதி வரை வெளியிட வேண்டாம் என்று சமர்ப்பிக்கும்போதே குறிக்க பப்கெம் இடம் தருகிறது; அந்தத் தேதியை முடிவுசெய்வது சமர்ப்பிப்பவரே.